திருகோணமலையிலிருந்து ஞாயிற்றுத்தொகுதி: கல்லூரிக் கிரெடிட்டுக்கான இணையவழி வானியல் பாடநெறி ஒன்றின் மதிப்பீடு

எங்கள் வீட்டில் இந்தப் பாடநெறியை இருவர் படித்தோம். அக்காவின் மகள் பணம் செலுத்தி, பரீட்சை எழுதி, கல்லூரிக் கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேர்த்துக் கணக்கிடப்படும் பாட அலகு, பெறுவதற்காகப் படித்தாள். உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் நான், கட்டணமில்லாத பார்வையாளனாகப் பதிந்துகொண்டு அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்து படித்தேன். ஒரே பொருளை இருவேறு விலையில் வாங்கியவர்கள் என்பதால் எது காசுக்குத் தகுந்தது, எது தகாதது என்பதில் எங்களுக்குள் இன்னும் முழு உடன்பாடு இல்லை. கீழே வருவது பெரும்பாலும் என் கருத்து. அவள் மறுத்த இடங்களில் அவளுடைய கருத்தையும் எழுதியிருக்கிறேன்.

இவ்வகைப் படிப்பு புதிதன்று. 2015ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வித் தளமும் இணைந்து பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டுப் பாடங்களை யாரும் சேரக்கூடிய வகையில் இணையத்தில் திறந்தபோது, அவற்றுள் முதலாவதாகத் தொடங்கியது ஞாயிற்றுத்தொகுதி வானியல்தான். முதலில் படிக்கலாம், மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு விரும்பினால் மட்டும் கிரெடிட்டுக்குரிய பெருந்தொகையைச் செலுத்தலாம் என்பது அந்தத் திட்டத்தின் புதுமை. அதன் பின்னர் வேறு நிறுவனங்களும் ஏறத்தாழ இதே முறையைக் கைக்கொண்டன. நாங்கள் சேர்ந்தது அப்படிப் பின்னால் வந்த, அமெரிக்க மேற்குக் கரையிலுள்ள ஒரு கல்லூரியின் பாடநெறி. அதன் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சொல்லும் குறைகளுட் பல இந்த முறைக்கே உரியவை, ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியவை அல்ல.

2025 ஜனவரி நடுப்பகுதியில் தொடங்கிப் பதினைந்து வாரங்கள் பாடம் நடந்தது. வாரத்துக்கு ஏழெட்டுச் சிறு விரிவுரைக் காணொளிகள், ஒரு வினாவிடை, இரு வாரத்துக்கு ஒரு செய்முறை ஒப்படை, நடுவிலும் முடிவிலும் கண்காணிப்புடன் கூடிய பரீட்சை என்பதே ஒழுங்கு. பாடநூலுக்கு ஒரு சதமும் செலவில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டிருக்கும் இலவச வானியல் நூலையே பயன்படுத்துகிறார்கள். அதைத் தரவிறக்கிக் கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். பாடநெறியில் சேராதவர்களும் அந்த நூலைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் காணொளிகள் பலவற்றை விட நூலின் விளக்கமே எனக்குத் தெளிவாக இருந்தது.

ஆயினும் காணொளியாலும் நூலாலும் மட்டும் கிடைத்திருக்க முடியாத ஒன்றை ஒப்படைகள் தந்தன. அவற்றுள் மிகச் சிறந்தது வியாழனை நிறுத்துப் பார்க்கும் கணக்கு. கலிலியோ 1610 ஜனவரியில் கண்ட நான்கு உபகோள்களையும் மூன்று வாரம் தொடர்ந்து பார்த்து, அவற்றின் நிலையைத் தாளில் புள்ளியிட்டு, ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்கு எடுக்கும் காலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பார்க்க இயலாதவர்களுக்குக் கணினிப் பாவனை உண்டு. பெப்ரவரியில் மழை விட்டிருந்தது. வியாழன் மாலையில் ரோகிணி விண்மீனுக்கு அருகே, எங்கள் தலைக்கு மேலே உயரத்தில் நின்றது. அயலவரிடம் இரவல் வாங்கிய பைனாகுலரைக் கமரா முக்காலியில் கட்டி உப்புவெளிக் கடற்கரையில் வைத்துப் பார்த்தோம். தலைக்கு மேலே நிற்கும் கோளைப் பைனாகுலரில் பார்ப்பதற்கு மணலில் மல்லாந்து படுப்பதே வழி என்பதை எந்தக் காணொளியும் சொல்லித் தரவில்லை.

கணக்கு இவ்வாறு போகும். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, உபகோளின் தூரத்தின் முப்படியை அதன் சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், நடுவிலுள்ள கோளின் திணிவுக்கு ஏற்ப அமையும். கலிஸ்டோ என்னும் உபகோள் வியாழனிலிருந்து ஏறத்தாழ 18.8 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் 16.7 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. நமது சந்திரன் 3.84 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் 27.3 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. தூரம் 4.9 மடங்கு, அதன் முப்படி ஏறத்தாழ 117.5. காலங்களின் விகிதத்தை வர்க்கித்தால் 2.68. இரண்டையும் பெருக்கினால் 315 வருகிறது. வியாழனின் திணிவு பூமியைப் போல 318 மடங்கு என்று நூல்கள் சொல்கின்றன. குறையும் சிறு தொகை பெரும்பாலும் சந்திரனின் சொந்தத் திணிவைக் கணக்கில் சேர்க்காததால் வந்தது. கெப்ளரின் மூன்றாம் விதியைக் கரும்பலகையில் பலமுறை எழுதியவன் நான். கடற்கரை மணலில் படுத்துக் குறித்த புள்ளிகளிலிருந்து ஒரு கோளின் எடை வெளிவந்த அன்றைக்குத்தான் அந்த விதி என் கைக்குள் வந்தது. எங்கள் சொந்தப் புள்ளிகள் இவ்வளவு சுத்தமான விடையைத் தரவில்லை, 290க்கு அருகில்தான் வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்; மதிப்பெண் வழங்கியவர் அதற்காகப் புள்ளி குறைக்காமல், பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு பத்தி எழுதச் சொன்னார். அது நல்ல ஆசிரியரின் குணம்.

இனிக் குறைகள். அவற்றுள் முதன்மையானது, இந்தப் பாடநெறியில் காட்டப்படும் வானம் நமது வானம் அன்று. அது வடக்கே முப்பத்தைந்து, நாற்பது பாகை அகலாங்கில் நின்று பார்ப்பவருக்காக எழுதப்பட்டது. துருவ நட்சத்திரம் வானில் பாதியளவு உயரத்தில் நிற்கும், சப்தரிஷி மண்டலம் ஒருபோதும் மறையாது, மூன்றாம் பிறை சாய்ந்து நிமிர்ந்து நிற்கும் என்றெல்லாம் படங்கள் காட்டுகின்றன. திருகோணமலை இருப்பதோ வடக்கு அகலாங்கு எட்டரைப் பாகையில். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே எட்டரைப் பாகை உயரத்தில், அதாவது நீட்டிய கையின் முட்டியளவுக்கும் குறைவான உயரத்தில், கடற்புகாருக்குள் ஒளிந்து நிற்கிறது. கோணேசர் மலையிலிருந்து வடக்கே பார்த்து அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று இரவுகள் பிடித்தன. சப்தரிஷி இங்கே உதித்து மறையும். பிறை தோணியைப் போல மல்லாந்து கிடக்கும். முப்பது நாள் சந்திரக் குறிப்பேடு எழுதும் ஒப்படையில் மருமகள் தான் கண்டவாறே தோணிப் பிறையை வரைந்து அனுப்ப, முதல் திருத்தத்தில் அது பிழையென்று குறிக்கப்பட்டது. அகலாங்கைக் குறிப்பிட்டு அவள் விளக்கம் எழுதிய பிறகே புள்ளி திரும்பி வந்தது. “மாமா, வானத்துக்கும் அவங்கட நாட்டு விசா வேணும் போல” என்றாள்.

சேர எண்ணுபவர்களுக்கு இங்கே ஒரு யோசனை. ஸ்டெல்லேரியம் என்னும் இலவச மென்பொருளைத் தரவிறக்கி, இடத்தைத் திருகோணமலை என்று அமைத்துவிட்டு, பாடத்தில் வரும் ஒவ்வொரு வானப் படத்தையும் அதில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதிக நேரம் எடுக்கும் வேலைதான். ஆனால் நான் கற்றதில் பாதி, அவர்களுடைய வானத்தை நம்முடைய வானமாக மாற்றிய அந்த வேலையில்தான் கிடைத்தது.

நிழல் ஒப்படையும் அவ்வாறே. நண்பகலில் ஒரு கோலின் நிழல் வடக்கே எவ்வளவு நீளம் விழுகிறது என்று ஒவ்வொரு வாரமும் அளக்கச் சொல்கிறார்கள். நிழல் ஒருநாளும் இல்லாமற் போகாது என்பது அவர்கள் நாட்டு எடுகோள். நமக்கோ ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 12ஐ ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் 12, சனிக்கிழமை, பன்னிரண்டு மணி தாண்டி ஆறு நிமிடமளவில் வீட்டு முற்றத்தில் நட்ட ஒரு மீற்றர்க் கோலுக்கு நிழலே இல்லை. கடிகாரப் பன்னிரண்டுக்கே ஏன் இல்லை என்றால், இலங்கை நேரம் கிழக்கு நெட்டாங்கு 82.5 பாகைக்கு உரியது. நாம் இருப்பது 81.2 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடமாக ஐந்து நிமிடம் பிந்துகிறது, அந்த நாட்களில் சூரியனும் கடிகாரத்துக்கு ஒரு நிமிடமளவே பிந்தி ஓடுகிறது.

அன்றே யாழ்ப்பாணத்திலுள்ள என் நண்பரையும் ஒரு மீற்றர்க் கோல் நடச் சொல்லியிருந்தேன். அங்கே உச்சிவேளையில் வடக்கு நோக்கி இரண்டு சென்ரிமீற்றர் நிழல் விழுந்தது. அது 1.15 பாகைக் கோணம். பூமியின் சுற்றளவை அளக்கப் பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தெனிஸ் அலெக்சாந்திரியாவிலும் சையீனிலும் செய்ததை நாங்கள் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் செய்தோம். முதலில் இரு ஊர்களுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரத்தை, ஏறத்தாழ 180 கிலோமீற்றரை, எடுத்துப் பெருக்கினேன். பூமியின் சுற்றளவு ஐம்பத்தாறாயிரம் கிலோமீற்றர் என்று வந்தது. கணித ஆசிரியன் செய்யக்கூடாத பிழை. யாழ்ப்பாணம் வடக்கே மட்டுமன்றி மேற்கேயும் விலகியிருக்கிறது. வடக்குத் தெற்கான தூரம் 121 கிலோமீற்றர் மட்டுமே. அதை வைத்துச் செய்தால் ஏறத்தாழ 38,000 வருகிறது. உண்மை அளவு 40,000. இரண்டு ஊர், இரண்டு கோல், ஒரு தொலைபேசி அழைப்பு ஆகியவற்றுக்கு ஐந்து சதவீதப் பிழை என்பது எனக்குப் போதும். இது பாடநெறியில் இருந்த ஒப்படை அன்று. ஆனாலும் மருமகள் இதையே இறுதிச் செயற்திட்டமாக எழுதி அனுப்ப, ஏற்றுக்கொண்டு முழுப் புள்ளி தந்தார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு. சூரியன் மேடத்தில் புகும் நாள் ஏன் மார்ச் 20ஐ ஒட்டிய சமவிரவு நாளாக இல்லாமல் இருபத்துநான்கு நாள் பிந்தி வருகிறது என்று என் மாணவர்கள் கேட்டதுண்டு. பாடநெறி பூமியின் அச்சுத் தளம்பலுக்கு ஒதுக்கியது ஒரே காணொளி, ஒன்பது நிமிடம். அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒரு வட்டம் சுற்றுகிறது, ஒரு பாகைக்கு 72 ஆண்டு. சூரியன் நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்வதால் இருபத்துநான்கு நாள் என்பது இருபத்துநான்கு பாகை, அதாவது ஏறத்தாழ 1,700 ஆண்டு. அக்காலத்தில் இரண்டு நாட்களும் ஒன்றாயிருந்தன. அவர்கள் இதை ஒரு அடிக்குறிப்பைப் போலக் கடந்து போகிறார்கள். நமக்கு அது பஞ்சாங்கத்தின் திறவுகோல். கிரகணப் பாடத்திலும் இதுவே நடந்தது. சந்திரனின் சுற்றுப்பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது, இரண்டு தளங்களும் வெட்டும் இரண்டு புள்ளிகளுக்கு அருகே அமாவாசையோ பூரணையோ நேர்ந்தால்தான் கிரகணம் என்று விரிவுரையாளர் வரைந்து காட்டியபோது, அந்த இரண்டு புள்ளிகளையும் ராகு, கேது என்று நாம் எப்போதோ பெயரிட்டுவிட்டோம் என்பது நினைவுக்கு வந்தது. 2019 டிசம்பர் 26 காலையில் இவ்வூரில் கண்ட கங்கண சூரிய கிரகணத்துக்கு ஏன் சூரியன் முழுதாக மறையாமல் வளையமாக நின்றது என்பதற்கும் விடை கிடைத்தது: சந்திரன் அப்போது தூரத்தில் இருந்தமையால் அதன் தட்டு சூரியனை மூடப் போதவில்லை.

வற்றுப்பெருக்குப் பாடம் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு மனக்குறையுடன். கனடாவின் பன்டி குடாவில் கடல் பதினாறு மீற்றர் வரை ஏறி இறங்குவதைக் காட்டி, சந்திரனின் ஈர்ப்பு பூமியின் இரு பக்கங்களிலும் ஒரே அளவாக இல்லாததே காரணம் என்று நன்றாக விளக்குகிறார்கள். சூரியனின் பங்கு சந்திரனின் பங்கில் பாதிக்கும் குறைவு என்பதையும் கணக்கிட வைக்கிறார்கள். ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதே சந்திரன், அதே ஈர்ப்பு, கரையின் வடிவமும் கடலின் ஆழமும்தான் வேறு; இந்த இரண்டாவது பாதியை அவர்கள் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். இன்னொன்று. ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 பூரணை தினமாக இருந்தமையால் சந்திரன்தான் கடலை இழுத்தது என்று சொல்பவர்களை நான் இங்கே கேட்டிருக்கிறேன். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித்தளம் பெயர்ந்த 9.1 அளவு நிலநடுக்கமே அதற்குக் காரணம். வற்றுப்பெருக்குக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வகுப்பில் விளக்குவதற்கு இப்போது என்னிடம் நல்ல படங்கள் இருக்கின்றன.

புதன், வெள்ளி, செவ்வாய்ப் பாடங்கள் சாதாரணம். எண்களை மனனம் செய்விக்கும் வேலையே அதிகம். சனிக் கோளின் பாடம் மட்டும் எங்களைக் கோபப்படுத்தியது. சனிக்கு எத்தனை உபகோள்கள் என்ற வினாவுக்கு மருமகள் 146 என்று விடை கொடுத்தாள். பிழை, 82 என்று திருத்தம் வந்தது. 82 என்பது 2019ஆம் ஆண்டின் எண்ணிக்கை. பாடம் நடந்துகொண்டிருந்த 2025 மார்ச் மாதத்தில் 128 புதிய உபகோள்கள் ஏற்கப்பட்டுத் தொகை 274 ஆனதும், இருவருமே பிழையாகிப்போனார்கள். காணொளிகள் ஒருமுறை பதிவாகிப் பல ஆண்டுகள் ஓடுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சேரும் முன்னர் அவை எந்த ஆண்டு பதிவானவை என்று கேட்டறிவது நல்லது. இதே தொகுப்பில் அயோ உபகோளின் எரிமலைகளைப் பற்றிய காணொளி மட்டும் பழையதாயினும் அருமை. வியாழனும் மற்ற உபகோள்களும் மாறி மாறி இழுத்துப் பிசைவதால் அயோவின் உள்ளே வெப்பம் பிறக்கும் என்று 1979 மார்ச்சில் மூவர் எழுதி வெளியிட, சில நாட்களில் வொயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படத்தில் எரிமலைப் புகை தெரிந்த கதையை விரிவுரையாளர் சொன்ன விதத்துக்காக நான் அதை மூன்று தடவை பார்த்தேன்.

மொழி பற்றி. எல்லாம் ஆங்கிலம். பேச்சு வேகமாக இருந்தாலும் எழுத்துரை கூடவே ஓடுவதால் உயர்தர ஆங்கிலம் உள்ளவர்களுக்குச் சிக்கல் இல்லை. திணிவையும் நிறையையும் வேறுபடுத்திப் பார்க்கத் தமிழில் பழகிய பிள்ளைக்கு அந்த இடங்களில் ஆங்கிலச் சொல் தடுமாற்றம் தரவில்லை, விளங்கியது தமிழில்தான் என்பது மருமகளின் வாக்குமூலம்.

பணமும் பரீட்சையும் வேறு கதை. பதிவுக்கு இருபத்தைந்து டொலர், மதிப்பெண் வந்தபின் கிரெடிட் வேண்டுமானால் நானூறு டொலர். டொலர் முந்நூறு ரூபா என்று வைத்தால் இது ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாவுக்கு மேல். அங்கே கல்லூரியில் நேரில் இருந்து அதே பாடத்தைப் படிக்கும் செலவோடு ஒப்பிட்டால் மலிவு. எங்கள் வருமானத்தோடு ஒப்பிட்டால் மலிவன்று. வீட்டிலிருந்த வங்கி அட்டையை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் தளம் ஏற்கவில்லை. கனடாவிலுள்ள பெரியப்பாவே கட்டினார். அடுத்தது பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். தகப்பன் பெயரை முன்னால் வைத்து எழுதும் நமக்கு எது எந்தக் கட்டத்துக்கு என்பது தெளிவில்லை. பதிவில் ஒரு வரிசையும் கடவுச்சீட்டில் இன்னொரு வரிசையும் இருந்தமையால் நடுப்பரீட்சையன்று அடையாளம் உறுதிப்படவில்லை, மின்னஞ்சல்களில் பதினொரு நாள் போனது. பதியும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதிவிடுங்கள்.

கண்காணிப்பு மென்பொருள் கமராவால் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும், ஒலியையும் கேட்கும். இறுதிப் பரீட்சையின்போது அருகிலிருந்த கோயிலின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஓட, அறையில் இன்னொருவர் பேசுகிறார் என்று மென்பொருள் குறித்துவிட்டது. பின்னர் ஒரு மனிதர் பதிவைக் கேட்டுப் பார்த்து அதை நீக்கினார். ஆனால் பரீட்சை நடுவே சிவப்பு எச்சரிக்கையைக் கண்ட பிள்ளைக்கு அடுத்த பத்து நிமிடம் கை ஓடவில்லை.

எல்லாவற்றிலும் கூடிய இழப்பு நேரத்தால் வந்தது. ஒப்படைகள் ஞாயிறு நள்ளிரவுக்குள், அவர்களுடைய நேரப்படி, போய்ச் சேர வேண்டும். குளிர்காலத்தில் அது நமக்குத் திங்கள் பிற்பகல் ஒன்றரை மணி. மார்ச் 9ஆம் திகதி அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். நமக்கு அது பன்னிரண்டரையானது. இலங்கையில் கடிகாரம் மாறுவதில்லை என்பதால் எங்களுக்கு அந்த எண்ணமே வரவில்லை. திங்கள் நண்பகல் தாண்டி நிதானமாக அமர்ந்த மருமகளுக்கு வினாவிடை மூடப்பட்டுவிட்டது என்ற செய்திதான் காத்திருந்தது. நேரம் எப்படி உண்டாகிறது என்பதைக் கற்பிக்கும் பாடநெறி, தன் மாணவர்கள் வேறு நெட்டாங்குகளில் இருப்பதை ஒரு வரியில் நினைவூட்டியிருக்கலாம்.

கிரெடிட் பற்றி நானும் அவளும் முரண்படுகிறோம். அமெரிக்காவில் ஒரு பட்டத்துக்கு ஏறத்தாழ 120 கிரெடிட் தேவை, அதில் இயற்கை அறிவியலுக்கு என்று ஒரு பங்கு உண்டு. இந்தப் பாடம் அந்தப் பங்குக்கானது. கனடாவிலும் கல்லூரிகள் பாடங்களைக் கிரெடிட்டாகவே கணக்கிடுகின்றன. ஆனால் தருகிற கல்லூரி கிரெடிட் என்று எழுதிக் கொடுத்தாலும், ஏற்பதா இல்லையா என்பதைச் சேரப்போகும் கல்லூரியே முடிவு செய்கிறது. செய்முறை சேர்ந்த அறிவியல் என்று ஒன்றும் செய்முறை இல்லாத அறிவியல் என்று ஒன்றும் பிரித்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஆகவே முதலில் பாடத்திட்டத்தைச் சேரப்போகும் கல்லூரிக்கு அனுப்பி எழுத்தில் பதில் வாங்க வேண்டும், பிறகுதான் நானூறு டொலர். இங்கேயே உயர்தர இசட் புள்ளி வழியாக அரச பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் பிள்ளைக்கு அந்தக் கிரெடிட்டால் அனுமதியில் எந்தப் பயனும் இல்லை. அவர்கள் பணம் கட்டாமல் படிக்கட்டும், படிப்பு அதேதான். மருமகளின் வாதம் வேறு. பணம் கட்டப்போகிறோம் என்ற எண்ணம் இல்லாதிருந்தால் ஆறாம் வாரத்தில் விட்டிருப்பேன் என்கிறாள். பார்வையாளனாகச் சேர்ந்த நான் மூன்று ஒப்படைகளைச் செய்யாமல் விட்டவன் என்பதால் அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

அவள் கனடாவில் சேரவிருந்த கல்லூரி ஜூலையில் பதில் அனுப்பியது: அறிவியல் விருப்பப் பாடமாக ஏற்கிறோம், செய்முறைப் பாடமாக அன்று. கனடாவுக்குப் போன பிறகு அங்கிருந்தே இதன் இரண்டாம் பகுதியை, விண்மீன்களும் விண்மீன் கூட்டங்களும் பற்றியதை, எடுக்கப் போவதாகச் சொல்லிப் பதிந்திருக்கிறாள். நானும் இங்கிருந்து பார்வையாளனாகவே சேர்ந்திருக்கிறேன். நவம்பர் 2ஆம் திகதி அவர்களது கடிகாரம் பின்னே திரும்பும் என்பதை, போகும் முன்னர் எங்கள் வீட்டுச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைத்துவிட்டுப் போனாள்.